சேர்ந்து வாழத் தொடங்கியது எந்தத் தேதியில்?

கேள்வி: நான் திருச்சியைச் சேர்ந்தவள். மாணவியாகக் கனடா வந்தேன். திறனாளர்களைப் புள்ளி அடிப்படையில் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாக 2022 மார்ச்சில் விண்ணப்பித்து, அதே ஆண்டு நவம்பரில் நிரந்தர வதிவிட உரிமை (பி.ஆர்.) பெற்றேன். என்னோடு வாழ்பவர் மட்டக்களப்புக்காரர். அவருடைய வேலை அனுமதி அடுத்த ஆண்டு முடிகிறது. இரு வீட்டாரும் திருமணத்துக்குச் சம்மதிக்கவில்லை. என் அம்மா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அதனால் என்னோடு வாழ்பவரைக் காமன் லா துணையாக, அதாவது திருமணமின்றிச் சேர்ந்து வாழும் துணையாக, ஸ்பான்சர் செய்ய நினைக்கிறேன். 2022 ஏப்ரலில் ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட் அறைக்குக் குடிபோனோம். சமையலறை வீட்டுக்காரரோடு பொது, வாடகை ரொக்கம். சென்ற ஆண்டு காலி செய்தபோது கடைசி மாத வாடகையில் தகராறு வந்தது. இப்போது, நாங்கள் அங்கே குடியிருந்தோம் என்று கடிதம் தர வீட்டுக்காரர் மறுக்கிறார். வழக்குப் போடலாமா? அதற்கு முன்பு, 2021 செப்டம்பரிலிருந்தே, பிராம்ப்டனில் மாணவர்கள் பலர் சேர்ந்திருந்த வீட்டில் நாங்கள் இருவரும் இருந்தோம். சேர்ந்து வாழ்ந்த காலம் கூடுதலாகத் தெரியட்டும், அந்தத் தேதியிலிருந்து தம்பதியாக வாழ்ந்ததாகக் கடிதம் தருகிறேன் என்கிறார் ஒரு நண்பர். இடையில் அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக இரண்டு மாதம் ஊரில் இருந்தேன். அது பாதிக்குமா? வரிக் கணக்கில் இருவரும் இதுவரை 'தனியாள்' என்றே காட்டியிருக்கிறோம்.

பதில்: அந்த நண்பரின் கடிதத்தை வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் விண்ணப்பத்தோடு இணைக்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் ஆபத்தானது.

முதலில், உங்களை வருத்துபவற்றில் சட்டத்துக்குப் பொருட்டில்லாதவற்றை ஒதுக்கிவிடுகிறேன். பெற்றோரின் சம்மதத்தைக் குடிவரவுச் சட்டம் கேட்பதில்லை. உறவு பற்றிய படிவத்தில் குடும்பத்தாருக்குத் தெரியுமா என்ற கேள்வி வரும்; தெரியும், சம்மதிக்கவில்லை என்று உள்ளபடி எழுதினால் போதும். ஊரில் இருந்த இரண்டு மாதத்துக்கு விமான டிக்கெட்டும் மருத்துவமனைத் தாளும் இருந்தால் சரி. குறுகிய, தற்காலிகப் பிரிவு சேர்ந்து வாழ்வதைத் துண்டிக்காது.

வீட்டுக்காரர் மீது வழக்கு வேண்டாம். ஒன்டாரியோ வாடகைச் சட்டப்படி ரசீது கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் சமையலறையை உரிமையாளரோடு பகிர்ந்துகொள்ளும் குடித்தனத்துக்கு அந்தச் சட்டமே பொருந்தாது. அவர் கேட்கும் அந்த ஒரு மாத வாடகையைக் கொடுத்துச் சமாதானமாகிவிடுங்கள். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை இருவரும் அங்கே ஒரே அறையில் குடியிருந்தீர்கள் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் பக்கம் நியாயம் இருக்கலாம். அதை நிலைநாட்ட நீங்கள் செலவழிக்கப்போகும் மாதங்கள் அந்த வாடகையைவிட விலை கூடியவை. அவர் அப்போதும் மறுத்தால் விட்டுவிடுங்கள். இருவர் பெயரும் ஒரே தாளில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் வங்கிக் கணக்கு அறிக்கை, உங்கள் துணைவருடைய தொலைபேசி ரசீது, ஓட்டுநர் உரிமம், வேலை கொடுத்தவர் தரும் டி4 சம்பளச் சான்று, மருத்துவக் காப்பீட்டுக் கடிதம் ஆகியவை ஒரே காலத்தில் ஒரே முகவரியைக் காட்டினால் அதுவும் சான்றுதான்.

இனி முக்கியமான விஷயம். காமன் லா துணை என்றால், தம்பதிக்குரிய உறவில் குறைந்தது ஓராண்டு தொடர்ந்து சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். நீங்கள் கவனிக்காதது, அந்த ஓராண்டு எந்த நாளில் நிறைவடைந்தது என்பதை. நீங்கள் பி.ஆர். ஆன நாளுக்குப் பிறகு நிறைவடைந்திருந்தால் சிக்கல் இல்லை. அதற்கு முன்பே நிறைவடைந்திருந்தால், அவர் அப்போதே உங்கள் குடும்ப உறுப்பினர். கனடாவுக்கு உங்களோடு வரப்போகிறவரோ இல்லையோ, அவர் பெயரை நீங்கள் அறிவித்திருக்க வேண்டும். குடிவரவு அதிகாரிகள் அவரையும் பரிசோதித்திருக்க வேண்டும். அப்படிச் செய்யவில்லை என்றால், கனடாவுக்குள்ளிருந்து செய்யும் ஸ்பான்சர் விண்ணப்பத்தில் குடிவரவு விதிகளின் 125(1)(d), வெளியிலிருந்து செய்தால் விதி 117(9)(d) அவரை அந்தப் பிரிவிலிருந்தே விலக்கிவிடும். விண்ணப்பித்த மார்ச் மாதத்தில் நான் தனியாள்தானே என்ற வாதம் எடுபடாது. விண்ணப்பம் கொடுத்த நாள் முதல் பி.ஆர். கிடைக்கும் நாள் வரை முழுவதும் அந்த விதியில் அடங்கும் என்று 2006-இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

உங்கள் தேதிகளை இதில் வைத்துப் பாருங்கள். 2022 ஏப்ரலில் தொடங்கினீர்கள் என்றால் ஓராண்டு முடிவது 2023 ஏப்ரலில். அதற்குள் நீங்கள் பி.ஆர். ஆகிவிட்டீர்கள். 2021 செப்டம்பர் என்றால் ஓராண்டு 2022 செப்டம்பரிலேயே முடிந்துவிடுகிறது, பி.ஆர். கிடைத்ததோ நவம்பரில். விண்ணப்பத்துக்குப் பலம் சேர்க்கும் என்று நண்பர் எழுதும் கடிதம், உங்கள் துணைவரை வெளியே தள்ளுகிறது. அதோடு உங்களையும் இழுத்துப்போடும்: துணையை மறைத்துப் பி.ஆர். வாங்கினார் என்று குடிவரவுச் சட்டத்தின் 40-ஆவது பிரிவில் நடவடிக்கை வரலாம். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் தனியாளுக்கும் துணையுள்ளவருக்கும் புள்ளிகள் வேறு வேறாகப் பிரிக்கப்படுகின்றன. 'தனியாள்' என்று எழுதியதால் என்ன லாபம் என்று அதிகாரி கூட்டிக் கழித்துப் பார்ப்பார். தவறான தகவல் என்று முடிவானால் பி.ஆர். போகும், ஐந்து ஆண்டுகளுக்கு மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது.

உறவு உண்மையானது, தம்பதி உண்மையானவர்கள், ஆனால் காலத்தைக் கூட்டிக் காட்டியதால் கோப்பு சிதைந்துபோனவர்கள் என் அலுவலகத்துக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். ஓராண்டு போதும் என்று சட்டம் சொல்லும்போது மூன்றாண்டு காட்டினால் இன்னும் நல்லது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். தேவைக்கு மேல் நிரூபிக்காதீர்கள்.

அதற்காக, வசதியான தேதியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. தேதி நடந்த நிகழ்வு. அதை நீங்களோ நானோ தேர்ந்தெடுக்க முடியாது. பிராம்ப்டன் வீட்டில் நீங்கள் இருவரும் எப்படி வாழ்ந்தீர்கள் என்பதை உங்கள் கடிதம் சொல்லவில்லை. வேறு வேறு அறையா? செலவு தனித்தனியா? அறைத் தோழர்களாக இருந்து பின்னால் நெருங்கியவர்களா, அல்லது தம்பதியாகவே அங்கு குடிபோனவர்களா? ஒரே கூரையின் கீழ் இருந்தது மட்டும் போதாது. 1999-இல் எம். எதிர் எச். வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் வீடு, படுக்கை, வீட்டு வேலை, பணம், மற்றவர்கள் உங்களை எப்படிப் பார்த்தார்கள் என எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கச் சொன்னது. அறைத் தோழர்கள்தான் என்றால், அதைப் படிவத்தில் மறைக்காமல் விளக்கி எழுதிவிட்டு ஏப்ரல் தேதியைக் கொடுங்கள். அப்போதே தம்பதியாக வாழ்ந்திருந்தால் எந்தப் படிவத்தையும் அனுப்பும் முன் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். மனிதாபிமான அடிப்படையில் விதிவிலக்குக் கேட்கும் 25-ஆவது பிரிவு இருக்கிறது. ஆனால் அதைக் கேட்பதே உங்கள் பி.ஆர். பற்றிய ஒப்புதலாகவும் ஆகும் என்பதால், எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

வரிக் கணக்கில்தான் பலர் இரண்டாவது முறை விழுகிறார்கள். கனடா வருவாய் முகமையின் கணக்கிலும் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து சேர்ந்து வாழ்ந்த பிறகே காமன் லா. 2022 ஏப்ரலில்தான் தொடங்கினீர்கள் என்றால், உங்கள் விஷயத்தில் அது 2023 ஏப்ரல். மே மாத முடிவுக்குள் தெரிவித்திருக்க வேண்டும். 2023 முதலான கணக்குகள் தவறு. அவற்றைத் திருத்துங்கள். ஜிஎஸ்டி சலுகைத் தொகை கூடுதலாக வந்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும், கட்டிவிடுங்கள். ஆனால் மணநிலை மாற்றத்தைத் தெரிவிக்கும் ஆர்சி65 படிவத்தில் நிலை மாறிய தேதி என்ற இடத்தில், குடிபோன தேதியை எழுதிவிடும் வரி முகவர்கள் இருக்கிறார்கள். 2022 ஏப்ரல் என்று அங்கே விழுந்துவிட்டால், நவம்பரில் பி.ஆர். பெற்றபோது உங்களுக்குத் துணை இருந்தார் என்று அரசின் ஒரு துறையிலேயே பதிவாகிவிடும். 2022-ஆம் ஆண்டுக் கணக்கைத் 'திருத்தவும்' விடாதீர்கள். அந்த டிசம்பர் 31 அன்று ஓராண்டு ஆகவில்லை என்றால் 'தனியாள்' என்று எழுதியது சரிதான். முகவர் நிரப்பியதை ஒரு வரி விடாமல் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

உங்கள் துணைவருடைய பழைய விண்ணப்பங்களையும் பாருங்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வேலை அனுமதி நீட்டிப்புக் கேட்டபோது 'தனியாள்' என்று எழுதியிருந்தால், அதிகாரியின் திரையில் அதுவும் இருக்கும். தகவல் அறியும் சட்டத்தில் அவருடைய கோப்புக் குறிப்புகளை இப்போதே கேட்டு வாங்குங்கள். தவறு இருந்தால், அவர்கள் கேட்கும் முன் நீங்களே ஒரு விளக்கக் கடிதத்தில் சொல்லிவிடுங்கள்.

ஏப்ரல் தேதி உண்மை என்றால் என் ஆலோசனை வேறு: திருமணம் செய்துகொள்ளுங்கள். நகராட்சியில் உரிமம் வாங்கிப் பதிவு செய்ய, வயதுவந்த இருவருக்குப் பெற்றோர் சம்மதம் தேவையில்லை. அம்மா பின்னால் மனம் மாறினால் ஊரில் சடங்கோடு செய்துகொள்ளலாம். அதற்குத் தடை ஏதும் இல்லை. அவரைக் கணவராக ஸ்பான்சர் செய்தால் ஓராண்டை மாதம் மாதமாக நிரூபிக்கும் சுமை போய்விடும். உறவு உண்மையானது என்று காட்டுவது மட்டும் மிஞ்சும். அது உங்களிடம் ஏராளமாக இருக்கிறது. ஆனால் பிராம்ப்டன் சிக்கலைத் திருமணம் தீர்க்காது. பி.ஆர். கிடைத்த நாளில் அவர் உங்கள் துணையாக இருந்திருந்தால், இன்று தாலி கட்டினாலும் அந்த விலக்கு அப்படியே நிற்கும்.

அவருடைய அனுமதி முடிய அடுத்த ஆண்டு வரை நேரம் இருக்கிறது. பிராம்ப்டன் வீட்டில் வாழ்ந்த விதத்தை இருவரும் ஒருவரை ஒருவர் கேட்காமல், தனித்தனியாக எழுதி வழக்கறிஞரிடம் கொடுங்கள். காமன் லா வழியிலேயே போவதானால், அவர் அவற்றைப் படித்துப் பதில் சொல்லும்வரை காமன் லா உறவை உறுதிசெய்யும் ஐஎம்எம் 5409 பிரமாணத்தில் தேதி எதையும் நிரப்பாதீர்கள்.