கரும்பே விளையாத அயர்லாந்து எப்படிச் சொந்தமாகச் சர்க்கரை தயாரித்தது? அந்த அரசு நிறுவனம் என்ன ஆனது?

கார்க் பக்கம் குடிவந்த புதிதில் கடையில் எடுத்த சர்க்கரைப் பொட்டலத்தில் 'ஷூக்ரா' என்று போட்டிருந்தது. ஐரிஷ் மொழியில் சர்க்கரை என்று பொருள். (நம் சர்க்கரையும் இந்த ஷூக்ராவும் ஒரே சமஸ்கிருதச் சொல்லிலிருந்து கிளம்பி, வேறு வேறு வழியாக ஊர் சுற்றியவை.) உள்ளூர்ச் சரக்கு என்று நினைத்துப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொன்னேன். "பேர் மட்டும்தான் எங்களோடது" என்றார். 2006 வரை அவர் சர்க்கரை ஆலைக்காக 'பீட்' என்ற கிழங்கைப் பயிரிட்டவர். அதன் பிறகுதான் இந்தக் கதையைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் ஒன்று: இது நாம் பொரியல் பண்ணுகிற சிவப்பு பீட்ரூட் இல்லை. வெள்ளைக் கிழங்கு, பெருத்த முள்ளங்கி மாதிரி இருக்கும். எடையில் சுமார் 16 முதல் 18 சதவீதம் சர்க்கரை. கரும்பைப் போல இதை நசுக்கிப் பிழிவதில்லை. கழுவி, மெல்லிய கீற்றுகளாகச் சீவி, ஏறக்குறைய 70 டிகிரி வெந்நீரில் ஊறவிடுவார்கள். இனிப்பு தண்ணீரில் இறங்கிவிடும். அதில் சுண்ணாம்புப் பாலும் கரியமில வாயுவும் செலுத்தி அழுக்கைப் படியவைத்து, வடிகட்டி, காய்ச்சினால் சர்க்கரை. நம் ஊர் ஆலைகள் பெரும்பாலும் கந்தகப் புகை விட்டு வெளுக்கவைப்பவை, வித்தியாசம் அங்கேதான். சக்கை மாட்டுக்குப் போகும்.

அயர்லாந்தில் முதல் உருப்படியான ஆலை 1926இல் கார்லோ ஊரில் வந்தது, பெல்ஜியம்காரர்களின் முதலீட்டில். 1932இல் டி வலேரா ஆட்சிக்கு வந்ததும் பிரிட்டனோடு வர்த்தகச் சண்டை மூண்டு, மாடு ஏற்றுமதி படுத்துவிட்டது. மேய்ச்சல் நிலத்தை உழவுக்குத் திருப்ப வேண்டிய கட்டாயம். தொழில்துறை அமைச்சர் ஷான் லெமாஸ் 1933இல் சட்டம் கொண்டுவந்து அரசுச் சர்க்கரை நிறுவனத்தை உருவாக்கினார். கார்லோ ஆலையை வாங்கினார்கள். மேலோ, தர்லஸ், டியூம் மூன்று ஊர்களிலும் 1934இல் புது ஆலைகள் வந்துவிட்டன. டியூம் நாட்டின் மேற்குப் பகுதியில் இருக்கிறது. அந்த மண் பீட்டுக்கு அவ்வளவு ஏற்றதில்லை. ஆனாலும் வேலையில்லாத பகுதி என்பதால் அங்கே வைத்தார்கள். கடைசிவரை அதற்குக் கிழங்கு போதவில்லை. என்னைக் கேட்டால், இந்த நிறுவனம் சர்க்கரைக்காக மட்டும் பிறந்தது இல்லை என்பதற்கு டியூம் ஒன்றே போதும். அறுவடை முடிந்த குளிர்காலத்தில் கிராமத்துக் கையில் காசு புழங்க வேண்டும், அதுதான் கணக்கு.

அந்தக் காசு சும்மா வரவில்லை. பழைய பீட் விதை ஒன்றிலிருந்து பல முளைகள் கிளம்பும். ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்க வேண்டும். பெரியவர் சிறுவனாக இருந்தபோது, முழங்காலில் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டிக்கொண்டு, ஈர மண்ணில் தவழ்ந்தபடியே வரிசை வரிசையாகப் பயிர் கலைத்திருக்கிறார். எப்படி என்று எழுந்து நின்று காட்டப் பார்த்தார், முட்டி மடங்கவில்லை. ஒற்றை முளை விதையும் இயந்திரமும் வந்த பிறகுதான் இந்தத் தவழல் ஒழிந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல் கோஸ்டெலோ என்கிற ராணுவ ஜெனரல் நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார். இருபது வருஷத்துக்கும் மேல் இருந்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். பீட் ஆலை வருஷத்தில் மூன்று நான்கு மாதம்தான் ஓடும், மற்ற நாளில் விவசாயிக்கு என்ன வழி என்று யோசித்து, 1958இல் 'எரின் ஃபுட்ஸ்' தொடங்கினார்: காய்கறியை உலர்த்திப் பொட்டலம் போட்டு பிரிட்டனுக்கு விற்பது. சரக்கு நன்றாகத்தான் இருந்தது, சந்தை கைகொடுக்கவில்லை. நஷ்டம், அரசோடு இழுபறி, 1966இல் ராஜினாமா.

அப்புறம் இறங்குமுகம். 1986இல் டியூமும் 1989இல் தர்லஸும் மூடப்பட்டன. 1991இல் நிறுவனத்தைத் தனியாருக்கு விற்று 'கிரீன்கோர்' என்று பெயர் மாற்றினார்கள். 2005இல் கார்லோவும் போய், மேலோ மட்டும் மிஞ்சியது. அந்த நேரம் பார்த்து ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரை விலையை 36 சதவீதம் குறைக்க முடிவெடுத்து, ஒவ்வொரு நாடும் இவ்வளவு சர்க்கரை தயாரிக்கலாம் என்று தந்திருந்த ஒதுக்கீட்டை விட்டுக்கொடுப்பவர்களுக்கு டன்னுக்கு 730 யூரோ தருவதாகவும் சொன்னது. அயர்லாந்துக்கு இருந்தது சுமார் இரண்டு லட்சம் டன் ஒதுக்கீடு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2006இல் மேலோவும் மூடப்பட்டது. நான்கு வருஷம் கழித்து ஐரோப்பியத் தணிக்கையாளர்கள், ஒன்றியம் பழைய புள்ளிவிவரத்தை வைத்து முடிவெடுத்தது என்று அறிக்கை எழுதினார்கள். ஒதுக்கீட்டு முறையையே 2017இல் எடுத்துவிட்டார்கள். கிரீன்கோர் இப்போது பிரிட்டனில் சாண்ட்விச் செய்கிறது.

வெக்ஸ்ஃபோர்டிலிருந்து மேலோவுக்குக் கிழங்கு ஏற்றிவந்த ரயிலும் அந்தக் கடைசிப் பருவத்தோடு நின்றது. பெரியவரின் நிலத்தில் இப்போது பார்லி. பீட் போட்ட மறு வருஷம் வருகிற பார்லி மாதிரி இது வராது என்பார்.