அப்பாவின் ஒமேகா வாட்ச் விலை 800 வெள்ளிதானா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, அப்பா போன வருடம் தவறிவிட்டார். துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் அவர் வாங்கிய ஒமேகா சீமாஸ்டர் என்னிடம் இருக்கிறது. ஆட்டோமேட்டிக், தேதி காட்டும், இன்னும் ஓடுகிறது. லோரோங் குலிட் சந்தையில் காட்டினேன், ஒருவர் 800 வெள்ளி (ரிங்கிட்) என்றார். அண்ணன் மகனோ இணையத்தில் இதே வாட்ச் 6,500 வெள்ளிக்குப் போட்டிருப்பதைக் காட்டி, "ஏமாந்துடாதீங்க சித்தப்பா" என்கிறான். எதுதான் உண்மையான விலை? டயலில் புள்ளி புள்ளியாகக் கறை இருக்கிறது. 150 வெள்ளி கொடுத்தால் புதுசு மாதிரி பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்கிறார் ஒரு கடைக்காரர். அடித்துவிட்டு விற்கவா?
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: முதலில் அந்தக் கடைக்காரரிடம் பெயிண்டை மூடி வைக்கச் சொல்லுங்கள். பழைய வாட்ச் வாங்குகிறவன் முதலில் பார்ப்பது டயலைத்தான், அதில் கை வைத்துவிட்டால் விலை சரிந்துவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. கறை இருந்தாலும் கம்பெனியில் அச்சடித்த டயலுக்குத்தான் மதிப்பு. நம் ஊர் ஈரக்காற்றில் ஐம்பது அறுபது வருடம் இருந்த வாட்ச்சுக்கு முகத்தில் நாலு புள்ளி விழாமலா இருக்கும்?

சரி, விலைக்கு வருவோம். 800 சொன்னவரும் சரி, 6,500 போட்டவரும் சரி, இரண்டு பேருமே சந்தை விலையைச் சொல்லவில்லை. சந்தைக்காரர் மூடியைத் திறக்காமலே வாங்குகிறார், உள்ளே துரு இருந்தால் அது அவர் தலையில், சர்வீஸ் செலவு அவருடையது, விற்கிற வரைக்கும் பணமும் முடங்கிக் கிடக்கும், அதனால் அவர் விற்க நினைக்கும் விலையில் பாதிக்கும் கீழே கேட்கத்தான் செய்வார். அவரைத் திருடன் என்று சொல்ல மாட்டேன். இணையத்தில் 6,500 போட்டவர் தன் ஆசையைப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆசைப்பட யாரும் காசு கேட்பதில்லை. அந்த விளம்பரம் எத்தனை மாதமாக அங்கேயே கிடக்கிறது என்று அண்ணன் மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

விற்று முடிந்த விலைதான் விலை. இபேயில் விற்றுப் போனவற்றை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. அங்கேயும் ஒரு சூட்சுமம்: விலையின் மேல் கோடு கிழித்திருந்தால் பேரம் பேசிக் குறைத்து வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம், அதை அப்படியே கணக்கில் சேர்க்காதீர்கள். உங்களுடைய அதே மாடல், அதே மாதிரி டயல், அதே நிலைமை, இப்படி ஏழெட்டு பாருங்கள். மிக உயரத்தில் ஒன்று, மிகத் தாழ்வில் ஒன்று நிற்கும், இரண்டையும் தள்ளிவிட்டு நடுவில் நிற்பதை எடுங்கள். அதிலிருந்து சர்வீஸ் செலவும் விற்பனைத் தளத்தின் கமிஷனும் போனால் கைக்கு வருவது தெரிந்துவிடும்.

ஆனால் "அதே மாடல்" என்று எப்படித் தெரியும்? அதற்கு மூடியைத் திறக்க வேண்டும். தெரிந்த வாட்ச் ரிப்பேர்காரரிடம் கொண்டுபோய், பக்கத்திலேயே உட்கார்ந்து திறக்கச் சொல்லுங்கள். மூடியின் உள்பக்கம் மாடல் எண் இருக்கும், 166 என்று தொடங்கினால் தேதியோடு வந்த ஆட்டோமேட்டிக். மெஷின் செம்பு நிறத்தில் மின்ன வேண்டும். வரிசை எண்ணும் அதிலேயே பொறித்திருக்கும், 24 என்று தொடங்கும் எட்டு இலக்கம் என்றால் 1960களின் நடுவில் செய்தது. எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கேட்டு வருகிறவனுக்கு இந்தப் படங்களைக் காட்டினாலே பேரம் வேறு மாதிரி போகும்.

அப்புறம் கண்ணாடி. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், பழைய பிளாஸ்டிக் கண்ணாடியின் நட்டநடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒமேகா குறி தெரியும். தெரியாவிட்டால் கண்ணாடி மாற்றியது. அது பெரிய குறை இல்லை. டயலின் அடியில் "ஸ்விஸ் மேட்" எழுத்து கோணாமல் மெலிசாக நிற்கிறதா பாருங்கள், தடித்துப்போயோ மொழுக்கென்றோ இருந்தால் ஏற்கெனவே யாரோ பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். இருட்டில் ஒளிரும் புள்ளிகள் பழுப்பேறிப் போயிருக்க, முள்ளில் மட்டும் பளீரென்று வெள்ளை இருந்தால் முள் மாற்றியது.

பாலிஷும் போடாதீர்கள். இது என் அனுபவம். என்னிடமும் ஒரு சீமாஸ்டர் இருந்தது, பின்மூடியில் கடற்குதிரைச் சின்னம். "கொஞ்சம் பளபளன்னு ஆக்கிக் கொடுங்க" என்று ஒரு கடையில் கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தேன், குதிரைக்குத் தலையைக் காணோம். ஸ்ட்ராப் மாட்டும் காதுகளின் கூர்மையும் உருண்டுபோய் சோப்புக் கட்டி மாதிரி ஆகிவிட்டது. வாங்க வந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மேசையில் வைத்தார்.

இன்னொன்று, கதைக்கு விலை. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேட்டோனா 2017இல் நியூயார்க் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்குப் போனது. அது நியூமன் கட்டியது. உங்கள் அப்பா கட்டியதற்கு உங்கள் வீட்டில் மட்டும்தான் விலை, வாங்குகிறவன் ஒரு காசு கூட்டமாட்டான். ஆனால் அப்பா வாங்கிய கடையின் ரசீதோ பெட்டியோ அலமாரியில் கிடக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள், அதற்கு விலையை ஏற்றித் தருவான்.

கேள்வி: தாத்தாவின் சீக்கோ 5 எந்த வருடத்தது, நல்ல விலை போகுமா? பின்னால் 6119 என்று தொடங்கும் எண் இருக்கிறது, கீழே ஆறு இலக்கத்தில் 9, அடுத்து "டி" என்று வருகிறது.
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அந்த ஆறு இலக்க எண்ணில் முதலாவது வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஒன்று முதல் ஒன்பது வரை எண், அக்டோபருக்கு "ஓ", நவம்பருக்கு "என்", டிசம்பருக்கு "டி". 6119 மெஷின் அறுபதுகளின் கடைசியிலிருந்து எழுபதுகளின் நடுப்பகுதி வரைதான் வந்தது, ஆகவே உங்களுடையது 1969 டிசம்பர். விலையில் ரொம்ப எதிர்பார்க்காதீர்கள் அம்மா, சீக்கோ 5 ஏராளமாகச் செய்தார்கள், எல்லார் வீட்டிலும் ஒன்று இருந்தது. டயல் அசலாக இருந்தால் சர்வீஸ் செய்து நீங்களே கட்டிக்கொள்ளலாம். இதே மாடல் ஆரஞ்சு, பச்சை என்று பளபளக்கும் டயலோடு மலிவாக விற்பனைக்கு வரும், அவற்றில் நிறைய மறு பெயிண்ட் அடித்தவை. அதைப் பார்த்துவிட்டு உங்களுடையது மங்கலாக இருக்கிறதே என்று வருத்தப்படாதீர்கள்.

கேள்வி: மாமனார் கொடுத்த தங்க வாட்ச்சை அடகுக்கடையில் வாங்க மறுத்துவிட்டார்கள். தங்கம்தானே?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: பின்மூடியில் "20 மைக்ரான்" என்று இருக்கிறதா? இருந்தால் தங்க முலாம், ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம். 18 காரட் என்றால் 750 முத்திரை இருக்கும். ஸ்ட்ராப்பைக் கழற்றிக் காதுகளின் உள்முனையைப் பாருங்கள், பித்தளை எட்டிப் பார்த்தால் அடகுக்கடைக்காரர் சொன்னது சரி. மாமனாரிடம் கேட்கப் போகாதீர்கள்.