காருக்கா, கைக்கா?

கேள்வி: ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தில் செபாஸ்டியன் வெட்டல் நான்கு முறை உலக சாம்பியன் ஆனதெல்லாம் ரெட்புல் காரின் புண்ணியம். அந்தக் காரை நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனிடம் கொடுத்திருந்தால் அவரும் சாம்பியன்தானே? (ஈசூன் வாசகர்)

பதில்: கோப்பிக்கடையில் உட்கார்ந்து சாம்பியன் பட்டத்தைப் பங்கு போடுவது சுலபம். ஒரு விஷயத்தை மட்டும் மறந்துவிட்டீர்கள். ஒவ்வொரு அணியிலும் கார் இரண்டு. இன்னொரு ரெட்புல் கார் மார்க் வெப்பரிடம் இருந்தது. 2013-ல் வெட்டல் 13 பந்தயங்களை வென்றார், கடைசி ஒன்பதும் தொடர்ச்சியாக. வெப்பர்? ஒன்றுகூட இல்லை. அந்த ஆண்டு நம் சிங்கப்பூர் மரினா பேயில் வெட்டல் இரண்டாவதாக வந்த அலோன்சோவைவிட அரை நிமிடத்துக்கும் மேல் முன்னால் வந்தார். அதற்குப் பரிசாக மேடையில் நின்றவரைப் பார்த்துக் கூச்சல் போட்டது கூட்டம். (நீங்களும் அதில் இருந்தீர்களோ?) வெப்பரின் கார் கடைசியில் தீப்பிடித்து, அவர் அலோன்சோ காரில் தொற்றிக்கொண்டு திரும்பினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, ரெட்புல்லையே விடுங்கள். 2008-ல் இத்தாலியின் மொன்சாவில், கொட்டுகிற மழையில், டோரோ ரோசோ என்ற சிறிய அணியின் காரில் வென்றபோது வெட்டலுக்கு வயது 21. தாய் அணியான ரெட்புல் அதுவரை ஒரு பந்தயம்கூட வென்றதில்லை. அது எந்தக் காரின் புண்ணியம்?

சிங்கப்பூரில் மட்டும் ஐந்து வெற்றி. ஆண்டர்சன் பாலத்தை டாக்சியில் கடந்திருப்பீர்கள். அந்த ஒடுக்கத்துக்குள் பாய்ந்து வந்து, தாண்டியதும் ஊசி வளைவில் இடது பக்கம் திரும்ப வேண்டும். சுவர் எட்டித் தொடும் தூரத்தில். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் இந்தப் புழுக்கத்தில் ஓட்டி இறங்கும்போது உடம்பில் இரண்டு மூன்று கிலோ வியர்வையாகப் போயிருக்கும். நமக்கோ பஸ் நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்றாலே சட்டை நனைந்துவிடுகிறது.

அவரைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. 2014-ல் ரெட்புல் அணிக்குப் புதிதாக வந்த ரிக்கியார்டோ மூன்று பந்தயம் வென்றார், வெட்டலுக்கு ஒன்றும் இல்லை. 2017-ல் ஃபெராரியில் இங்கே முதலிடத்தில் புறப்பட்டவர், முதல் வளைவைக்கூட ஒழுங்காகத் தாண்டவில்லை. மோதலில் சொந்த அணியின் ரைக்கோனனும் காலி. அந்த ஆண்டுப் பட்டம் கைநழுவத் தொடங்கியது அங்கேதான். 2019-ல் மறுபடி இங்கேயே வென்றார், 53-ஆவது வெற்றி. அதுவே கடைசி.

இப்போது நரேன். 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர். யாரும் அதை அவரிடமிருந்து பறிக்க முடியாது. 2012-ல் மரினா பேயில் அவர் சுவரில் மோதிய இரவில் வென்றவரும் வெட்டல்தான். நரேன் ஓட்டிய எச்ஆர்டி, மூன்று ஆண்டுகளில் ஒரு புள்ளிகூட எடுக்காத அணி. அதனால் உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் வெப்பரை வைத்து வெட்டலை அளந்த கோலால் நம் ஆளையும் அளக்க வேண்டுமல்லவா? அந்த ஆண்டு இன்னொரு எச்ஆர்டி காரில் இருந்தவர் பெத்ரோ டி லா ரோசா, நாற்பதைத் தாண்டியவர். தகுதிச் சுற்றுகளில் பெரும்பாலும் அவர்தான் முன்னால் நின்றார். இதை எழுத எனக்கும் கசக்கத்தான் செய்கிறது.