ஹீலிக்ஸ் லூப்பில் டியூப் ஸ்க்ரீமர்: கரகரப்பு ஏன்?

வணக்கம் நண்பரே. ஹீலிக்ஸ் என்ற கிட்டார் எஃபெக்ட்ஸ் கருவியின் முதல் லூப்பில் (வெளிப் பெடலுக்குச் சிக்னலை அனுப்பித் திரும்பப் பெறும் இணைப்பு) டியூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடலை மாட்டியதும், சிதைவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் குமிழைக் குறைத்தாலும் ஒலி கரகரவென்று சிதைகிறது என்று எழுதியிருந்தீர்கள். பெடல் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. முதலில் குளோபல் செட்டிங்ஸில் இன்ஸ்/அவுட்ஸ் பக்கத்தைத் திறந்து, அந்த லூப்பின் செண்ட்/ரிட்டர்ன் (அனுப்பும், திரும்பப் பெறும் சிக்னல்) அளவு 'லைன்' என்று, அதாவது வலுவான சிக்னலுக்கு, இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 'இன்ஸ்ட்ருமெண்ட்' ஆக மாற்றுங்கள். டியூப் ஸ்க்ரீமர் கிட்டாரின் மெல்லிய சிக்னலுக்காகச் செய்யப்பட்டது. லைன் அளவில் அனுப்பினால் டிரைவ் சுழியத்தில் இருந்தாலும் ஒலி சிதையத்தான் செய்யும்.

அடுத்து, ஹீலிக்ஸின் சிக்னல் வரிசையில் லூப்பைக் குறிக்கும் லூப் பிளாக்கின் இடம். அதை ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) பிளாக்குக்கு முன்னால் வையுங்கள். ஆம்புக்கும் கேபினெட்டுக்கும் (ஸ்பீக்கர் பெட்டி) பின்னால் வைத்தால், ஸ்பீக்கர் வடிகட்டிய உச்ச அதிர்வுகளை ஓவர்டிரைவ் புதிதாகக் கிளப்பிவிடும். காதில் தேனீ ரீங்கரிப்பது போலக் கேட்கும். பிளாக்கில் மிக்ஸ் (பெடல் வழியாக வரும் ஒலியின் பங்கு) 100% இருக்கட்டும், செண்ட், ரிட்டர்ன் இரண்டும் 0 டெசிபலில். அப்புறம் பெடலை ஆன், ஆஃப் செய்து பார்த்து, அதன் லெவல் குமிழாலேயே சத்தத்தைச் சமன் செய்யுங்கள்.

வாங்கப்போவதாகச் சொன்ன ஃபஸ் ஃபேஸ் என்ற ஃபஸ் (கடுமையாகச் சிதைக்கும்) பெடலை மட்டும் லூப்பில் போடாதீர்கள். அதற்குக் கிட்டாரின் பிக்கப்போடு (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பாகம்) நேரடித் தொடர்பு வேண்டும். கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் ஒலி தெளிகிற அந்த அழகு, லூப்பின் பஃபர் (சிக்னலைத் தாங்கி அனுப்பும் சுற்று) இடையில் வந்தால் போய்விடும். கிட்டாருக்கும் ஹீலிக்ஸுக்கும் நடுவிலேயே அது இருக்கட்டும்.

இதற்குப் பிறகும் 'ஹம்' என்ற தொடர் இரைச்சல் கேட்டால், டியூப் ஸ்க்ரீமரை ஒருமுறை 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஹம் நின்றுவிட்டால் கோளாறு அடாப்டர் பக்கம்தான்.