ஃப்ளூரைடு பேஸ்டுக்குப் பதிலாக வேறு எதில் பல் துலக்கலாம்?

உங்களுக்கு ஆம்பூர் பக்கம் வீடு, நான்கு வயதுப் பையன் பேஸ்டை விழுங்கிவிடுகிறான், ஃப்ளூரைடு கெடுதல் என்று படித்ததால் வீட்டில் எல்லோருக்கும் அதை நிறுத்திவிட்டு வேறு எதற்காவது மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பல் டாக்டர் இல்லை. ஆனால் ஃப்ளூரைடு அதிகமானால் என்ன ஆகும் என்பதை என் பல்லிலும், அதை முழுசாக நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை என் மகளின் பல்லிலும் பார்த்துவிட்டேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் பிறந்தது நாட்றம்பள்ளி பக்கம் ஒரு கிராமம். அப்போது அது வட ஆற்காடு மாவட்டம், அப்புறம் வேலூர், 2019-இல் பிரித்த பிறகு திருப்பத்தூர். ஊரில் குடிக்க, சமைக்க, மாட்டுக்கு வைக்க, எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்தான். எங்கள் தெருவில் என் வயதுப் பிள்ளைகள் பலருக்கும் முன்பல்லில் சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல வெள்ளைத் திட்டும், அதன் குறுக்கே காவிக் கோடும் இருக்கும். எனக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. ஐந்தாவது படிக்கும்போது ஒரு டீச்சர் என்னை எழுந்து நிற்க வைத்து, "பல்லு கூட விளக்காம வந்துடுவியா?" என்று கேட்டார். அன்று சாயங்காலமே செங்கல்லை உடைத்து இடித்துச் சலித்துத் தேய்க்க ஆரம்பித்தேன். அடுப்புக்கரி, சாம்பல், உப்பு தொட்ட எலுமிச்சைத் தோல் என்று யார் எதைச் சொன்னாலும் தேய்த்தேன். காவி ஒரு இழை கூடக் குறையவில்லை. பத்து வருடத்தில் ஈறு ஓரத்தில் பல் பள்ளம் விழுந்து, குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூச ஆரம்பித்தது.

கல்யாணம் ஆகி காட்பாடிக்கு வந்த பிறகுதான் ஒரு பல் டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னார். அந்தக் காவி மேலே ஒட்டிய அழுக்கு இல்லை. நிலைப்பல் ஈறுக்குள்ளே உருவாகும் காலத்தில், அதாவது சுமார் எட்டு வயதுக்குள், உடம்பில் ஃப்ளூரைடு அதிகமாகச் சேர்ந்ததால் எனாமல், அதாவது பல்லின் கெட்டியான மேலோடு, உருவாகும்போதே பழுதாகிவிட்டது. உள்ளிருந்து வந்த நிறத்தை வெளியிலிருந்து தேய்த்து எடுக்க முடியாது. பல் முளைத்துவிட்ட பெரியவர்களுக்கு இந்தக் காவி புதிதாக வரவும் வராது. இதை யாராவது பத்து வயதில் சொல்லியிருந்தால் என் எனாமலாவது மிஞ்சியிருக்கும்.

இவ்வளவும் பேஸ்டால் வந்ததா? எங்கள் வீட்டில் அப்போது பேஸ்டே கிடையாது. வந்தது தண்ணீரால். நம் பக்கத்துக் கருங்கல் பாறைகளில் ஃப்ளூரைடு உள்ள கனிமங்கள் இருக்கின்றன. மழை பொய்த்து, பாலாறு வறண்டு, போரை ஆழமாக இறக்க இறக்க, பாறையோடு நெடுநாள் ஊறிய தண்ணீர்தான் மேலே வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்திய அளவு. திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் இதைத் தாண்டும் கிணறுகளும் போர்களும் உண்டு.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இங்கே விற்கும் பேஸ்டில் ஃப்ளூரைடு 1000 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது. அப்படியென்றால் ஒரு கிராம் பேஸ்டில் 1 மில்லிகிராம். பட்டாணி அளவு பேஸ்ட் கால் கிராம்தான் இருக்கும், அதை அப்படியே விழுங்கினாலும் கால் மில்லிகிராம். லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீரை ஒரு குழந்தை நாளுக்கு ஒரு லிட்டர் குடித்தால் 3 மில்லிகிராம் உள்ளே போகிறது. பன்னிரண்டு மடங்கு. பேஸ்ட் டியூபைத் தூக்கிப் போட்டுவிட்டு அதே போர் தண்ணீரில் சோறு வடித்துக்கொண்டிருந்தால் என்ன பயன்? ஆனால் விளம்பரத்தில் காட்டுவது போல பிரஷ் முழுக்க நீளமாகப் பிதுக்கி, அதைக் குழந்தை தினமும் இரண்டு வேளை விழுங்கினால் அது கவனிக்க வேண்டிய அளவுதான். உங்கள் பயத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆகவே முதல் வேலை தண்ணீரைச் சோதிப்பது. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்தில் ஆய்வகம் இருக்கிறது, கட்டணம் கட்டி பாட்டிலில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அளவு கூடுதலாக இருந்தால் கொதிக்க வைக்காதீர்கள், கொதித்து வற்றும்போது ஃப்ளூரைடு இன்னும் கெட்டியாகும். ஆர்.ஓ. தண்ணீரோ, உங்கள் ஊருக்கு வருமானால் காவிரிக் கூட்டுக் குடிநீரோ குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, போர் தண்ணீரைத் துணிக்கும் பாத்திரத்துக்கும் விடுங்கள். பையனுக்குக் கட்டன் டீ கொடுக்கிற பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். தேயிலையிலேயே ஃப்ளூரைடு நிறைய இருக்கிறது.

இனி என் மகள் கதை. 2009-இல் பிறந்தாள். எனக்கு வந்தது அவளுக்கு வரக் கூடாது என்ற ஒரே வெறியில் குடிக்கக் கேன் தண்ணீர், பல்லுக்கு ஃப்ளூரைடே இல்லாத மூலிகைப் பேஸ்ட். கேன் தண்ணீரில் ஃப்ளூரைடு அநேகமாக இல்லை, பேஸ்டிலும் இல்லை. அதோடு தாத்தா பாட்டி செல்லம், கையில் எப்போதும் பிஸ்கட்டோ மிட்டாயோ. ஆற்காட்டிலிருந்து யார் வந்தாலும் மக்கன் பேடா வேறு. ஆறு வயதில் ஒரு ராத்திரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் பார்த்தால் நான்கு கடைவாய்ப் பால்பல்லிலும் சொத்தை. நான் பயந்தது அவள் பல்லுக்கு வரவில்லை. நான் கொஞ்சமும் நினைக்காதது வந்துவிட்டது.

ஏன் என்றால், நாம் எதையாவது தின்றவுடன் வாயில் இருக்கும் கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அமிலத்தை அளக்கும் எண்ணுக்குப் பிஎச் என்று பேர், அது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று அர்த்தம். பிஎச் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் வந்து அமிலத்தைக் குறைத்து, கரைந்துபோன கால்சியத்தைத் திரும்பப் பூசும். அந்த வேளையில் கொஞ்சம் ஃப்ளூரைடு வாயில் இருந்தால் அதுவும் சேர்ந்து படிந்து, பிஎச் 4.5 வரை தாங்கும் கெட்டியான மேற்பரப்பு கிடைக்கிறது. விழுங்கினால் கெடுதல் செய்வது, பல்லின் மேல் பட்டால் நன்மை செய்கிறது.

பல்லில் படியும் அழுக்கை எடுப்பது பேஸ்ட் இல்லை. பிரஷ்ஷின் நாரும் நம் கையும்தான். வெறும் பிரஷ்ஷால் ஒழுங்காகத் தேய்த்தாலும் ஏறக்குறைய அதே அளவு அழுக்கு போகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே "சுத்தம்" மட்டும் என்றால் மாற்று நிறைய உண்டு. "சொத்தை வராமல்" என்றால் மாற்று மிகக் குறைவு.

சுத்தத்துக்கு நான் இன்றும் நம்புவது குச்சி. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சொல்லி வளர்ந்த நாம், வேல மரம் சூழ்ந்திருந்ததால்தான் வேலூர் என்று பேர் வந்தது என்றும் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் இன்றைக்கு வேலங்குச்சி கொண்டு வா என்றால் பிள்ளைகள் வேலிக்காத்தானை ஒடித்துக்கொண்டு வருகிறார்கள். பாலாற்றுப் படுகை முழுக்க மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம் அது, வெளியிலிருந்து வந்த வேறு மரம். பல்லுக்கு வேண்டியது நாட்டுக் கருவேலம், மஞ்சள் நிறத்தில் உருண்டைப் பூவும், மணி கோத்தது போல இறுகி இறுகி இருக்கும் காயும் அதன் அடையாளம். அது கிடைக்காவிட்டால் வேப்பங்குச்சி போதும். வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் பள்ளிவாசல் அருகே கடைகளில் மிஸ்வாக் குச்சி கிடைக்கும். அந்தப் பழக்கம் உள்ள இடங்களில் அதை ஊக்குவிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. கருவேலம்பட்டையில் இருக்கும் துவர்ப்பு ஈறை இறுக்கும். நம் ஊர்த் தோல் ஷாப்புகளில் ஒரு காலத்தில் மரப்பட்டை போட்டுத் தோலைப் பதனிட்டதும் இதே துவர்ப்பை நம்பித்தான்.

குச்சியைச் சும்மா மென்று துப்பினால் போதாது. எங்கள் ஆயா சொல்லிக் கொடுத்தது: சுண்டுவிரல் கனத்தில், ஒரு சாண் நீளத்தில் பச்சைக் குச்சி. நுனித் தோலைச் சீவி, நார் பிரியும்வரை பொறுமையாகக் கடிக்க வேண்டும். ஈறிலிருந்து பல் நுனியை நோக்கித் தள்ள வேண்டும், ரம்பம் அறுப்பது போலக் குறுக்கே இழுக்கக் கூடாது. குச்சி எட்டாத இடம் பல்லின் உட்பக்கமும் கடைசிக் கடைவாயும்தான், பலர் அங்கே தொடுவதே இல்லை. முடிந்ததும் குச்சியை இரண்டாகப் பிளந்து நாக்கை வழித்துவிட்டு, நுனியை வெட்டி எறிய வேண்டும். மெல்லும்போது எச்சில் ஊறுவது கூடுதல் லாபம். தோல் தொழிற்சாலைக் கழிவு ஓடும் வாய்க்கால் ஓரத்து மரத்தில் மட்டும் ஒடிக்காதீர்கள்.

பல்பொடியில் எனக்குப் பயம் அதிகம். உமிக்கரி வேண்டவே வேண்டாம். நம் ஆரணி, ஆற்காடு பக்கம் ரைஸ்மில்லுக்குப் பஞ்சமில்லை, உமியும் சுலபமாகக் கிடைக்கிறது. ஆனால் உமியில் இருப்பது சிலிக்கா, மணலில் இருப்பதும் அதுவே. கரி பேஸ்ட் என்று இப்போது அழகான டியூபில் வருவதும் எனக்கு அன்றைய அடுப்புக்கரியைத்தான் நினைவுபடுத்துகிறது. செங்காவி கலந்த சிவப்புப் பொடிகளும் அப்படியே. புகையிலை கலந்த பல்பொடிக்கு 1992-லேயே தடை போட்டாயிற்று, அப்படியும் யாராவது கையில் பொட்டலமாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். பொடிதான் வேண்டும் என்றால் விரல் நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள், நறநறவென்று இருந்தால் பல்லுக்கு ஆகாது. சமையல் சோடா ஓரளவு மென்மையானது, வாரத்தில் ஓரிரு நாள் ஈரப் பிரஷ்ஷில் தொட்டுக்கொள்ளலாம். எலுமிச்சையைப் பல் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு ஈறு வீக்கத்துக்கும் வாய் நாற்றத்துக்கும் கொஞ்சம் உதவுகிறது. சொத்தையைத் தடுக்கும் என்று நம்பி பிரஷ்ஷை விட்டுவிடக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், புரையேறும்.

சொத்தைக்கு எதிராக ஃப்ளூரைடுக்குப் பதில் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஹைட்ராக்ஸிஅபடைட் பேஸ்ட். நம் எனாமலே அந்தப் பொருளால் ஆனதுதான், அதை நுண்துகளாக்கிப் பேஸ்டில் கலக்கிறார்கள். ஜப்பானில் 1980-லிருந்து விற்கிறது, 1993-இல் அந்நாட்டு அரசு அதைச் சொத்தைத் தடுப்புப் பொருளாக ஏற்றுக்கொண்டது. போலந்தில் பெரியவர்களை வைத்து 18 மாதம் நடந்த ஓர் ஆய்வில் ஃப்ளூரைடு பேஸ்டுக்கு இது குறைந்துபோகவில்லை. ஆனால் ஃப்ளூரைடுக்குப் பின்னால் இருக்கும் பல பத்தாண்டு அனுபவம் இதற்கு இன்னும் சேரவில்லை. நம் ஊர் மெடிக்கலில் சொல்லி வைத்தால் வாங்கித் தருகிறார்கள், விலை மட்டும் கூடுதல். மூலிகைப் பேஸ்ட் என்று எழுதியிருப்பதெல்லாம் இது ஆகாது. டப்பாவின் பின்பக்கம் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்கெனவே சொத்தை உள்ளவர்கள், பல்லுக்குக் கம்பி போட்டவர்கள், மாத்திரைகளால் வாய் வறண்டு போகும் சர்க்கரை நோயாளிகள், கழுத்து முகத்தில் கதிர் சிகிச்சை எடுத்தவர்கள் ஃப்ளூரைடை டாக்டரைக் கேட்காமல் விடக் கூடாது.

எங்கள் வீட்டில் இப்போது காலையில் நான் வேப்பங்குச்சி, ராத்திரி ஃப்ளூரைடு பேஸ்ட். தூங்கும்போது எச்சில் குறைந்துவிடுவதால் ராத்திரித் தேய்ப்புதான் பெரிய காவல். நம் ஊரில் பெரும்பாலும் காலையில் மட்டும் தேய்க்கிறோம், எதில் தேய்க்கிறோம் என்பதைவிட இது பெரிய குறை. மகள் இரண்டு வேளையும் ஃப்ளூரைடு பேஸ்ட்தான். இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்து ஒரே வேளையில் சாப்பிடுவாள், நடுவில் கொறிப்பதில்லை. நிலைப்பல்லில் இதுவரை ஒரு சொத்தையும் இல்லை, காவியும் இல்லை.

உங்கள் பையனுக்கு நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன். டியூப் அவன் கைக்கு எட்டாத உயரத்தில். பழ வாசனை பேஸ்ட் வேண்டாம், ருசிக்காகவே விழுங்குவான். பேஸ்டை நீங்களே பட்டாணி அளவு, அவன் இன்னும் துப்பப் பழகவில்லை என்றால் அரிசி அளவு மட்டும், பிரஷ்ஷில் அழுத்தித் தடவிக் கொடுங்கள். அவனை மடியில் சாய்த்து ராத்திரித் தேய்ப்பை நீங்களே செய்யுங்கள், ஏழெட்டு வயது வரை பிள்ளைகளின் கைக்கு அந்த நிதானம் வராது. வெறும் தண்ணீரை வாயில் வைத்து "யார் தூரம் துப்புறது" என்று முற்றத்தில் பந்தயம் வைத்தால் ஒரு வாரத்தில் துப்பப் பழகிவிடுவான். இதற்கும் மனசு ஒப்பவில்லை என்றால் ஹைட்ராக்ஸிஅபடைட் பேஸ்டுக்கு மாற்றிவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பல் டாக்டரிடம் காட்டுங்கள். மாற்றுவதற்கு முன்னால் அந்தத் தண்ணீர்ச் சோதனையை முடித்துவிடுங்கள். அளவு என்ன வந்தது என்று இங்கேயே எழுதினால், நான் வீட்டில் என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.