நிலவில் வண்டி ஓட்ட எந்தப் படிப்பு?

நிலவில் ஊரும் வண்டியைப் பூமியிலிருந்து ஓட்டவேண்டும் என்கிறாள் உங்கள் மகள். விண்வெளிப் பொறியியல்தான் கௌரவம் என்கிறார் பெரியப்பா. அதற்காக வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் வைக்காதீர்கள். அந்தப் படிப்பின் பெரும்பகுதி காற்றியக்கம், உந்துவிசை, கட்டமைப்பு. அவள் கேட்பதோ தகவல் தொடர்பும் கட்டுப்பாட்டியலும். மின்னணு–தகவல் தொடர்புப் பொறியியலில் இரண்டுமே உண்டு.

நிலவு சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில் இருக்கிறது. கட்டளை போய்ப் பதில் வர, ஒளியின் வேகத்திலேயே சுமார் 2.6 விநாடி ஆகும். 1970-இல் சோவியத் நாடு நிலவில் இறக்கிய லூனகோத்-1 வண்டியை ஐந்து பேர் குழு பூமியிலிருந்து இயக்கியது. அதில் ஒருவருக்கு ஆன்டெனாவைப் பூமியை நோக்கியே வைத்திருப்பதுதான் வேலை. உறவினர் யாரும் சொல்லாத வேலை இது. சிக்னல் அறுந்தால் மற்ற நால்வரும் சும்மா உட்கார வேண்டியதுதான். 2023-இல் சந்திரயான்-3 இன் நிலவு வண்டியான பிரக்யான் பூமியோடு நேரடியாகப் பேசவில்லை, அதைச் சுமந்து இறங்கிய விக்ரம் தரையிறங்கு கலம் வழியாகவே பேசியது. ஆகஸ்ட் 27 அன்று 4 மீட்டர் அகலப் பள்ளத்தை 3 மீட்டர் முன்பே கண்டு, வந்த வழியே திருப்பினார்கள். விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகம் என்பதால் முடிந்தது.

நுழைவுத் தேர்வு, தரவரிசை பற்றிச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்வது விடுமுறையில் செய்யவேண்டியது. கேமரா பொருத்திய சிறு இருசக்கர ரோபோ ஒன்று போதும். கட்டளையையும் படத்தையும் தலா 1.3 விநாடி தாமதிக்க அவளே நிரல் எழுதட்டும். பிறகு அடுத்த அறையிலிருந்து, திரையை மட்டும் பார்த்து ஓட்டட்டும். இடப்பக்கம் திருப்புவாள், திரையில் அசைவு தெரியாது, மறுபடி அழுத்துவாள். இரண்டு திருப்பமும் சேர்ந்து வண்டி சுவரில் மோதும். நகர்த்து, நிறுத்து, படம் வரட்டும், பிறகு அடுத்த அடி என்ற ஒழுங்கு அப்போதுதான் கைவரும்.

அடுத்து, பத்தில் ஒரு கட்டளையையோ, வண்டி அனுப்பும் பதிலையோ வேண்டுமென்றே தொலைக்கட்டும். பதில் வராததால் அவள் திரும்ப அனுப்புவாள். தொலைந்தது கட்டளையா, பதிலா? பதில் என்றால் வண்டி இருமுறை நகரும். அதைத் தடுக்க ஒவ்வொரு கட்டளைக்கும் வரிசை எண் வேண்டும்; அதே எண் மறுபடி வந்தால் வண்டி நகராது. தொடர்பு அறுந்தால் வண்டி தானாக நிற்கவும் வேண்டும். இந்த இரண்டையும் யாரும் சொல்லாமலே அவள் கண்டுபிடித்தால், அவள் நாட்டத்தைப் பெரியப்பா உட்பட எவரும் மாற்றக்கூடாது.

கல்லூரியில் பணம் கட்டுமுன் ஆய்வகத்தைப் பாருங்கள். சிக்னலில் எந்த அலைவரிசை எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் கருவியை மாணவர் கையால் இயக்க விடுகிறார்களா, கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். பூட்டியிருந்தால் வேறு கல்லூரி தேடுங்கள்.