அப்பா கொடுத்த பவர் பத்திரம் இருக்கும்போது உயிலும் வேண்டுமா?

"அப்பா வீட்டுக்கு என் பெயரில் பொது அதிகாரப் பத்திரம் பதிந்து கொடுத்துவிட்டார், இனி உயில் எதற்கு" என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் வேண்டும்.

பவர் என்பது அப்பாவின் சார்பில் கையெழுத்துப் போடும் உரிமை மட்டுமே. வீடு இன்னும் அவருடையதுதான். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, கொடுத்தவர் இறந்தால் பவரும் பொதுவாக முடிந்துவிடும். அவர் மனநிலை பிறழ்ந்தாலும் அப்படித்தான். மறதி நோய் முற்றி, பவர் மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது கைவிடுகிறது. பல குடும்பங்களுக்கு இது தெரிவதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

உயில் இல்லாவிட்டால்? இந்துக் குடும்பம் என்றால், அப்பாவின் சுயசம்பாத்தியச் சொத்து 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சமமாகப் போகும். பாட்டி, அதாவது அப்பாவின் அம்மா, உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உயிலை வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும், முத்திரைத்தாள் தேவையில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும்; சொத்து பெறுபவர் சாட்சியாக வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள் என்பேன். பின்னால் 'இது அப்பா கையெழுத்தே இல்லை' என்று யாரும் எளிதில் கிளப்ப முடியாது. மனம் மாறினால், அப்பா எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

அப்புறம், வங்கியில் நாமினி போட்டிருப்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், உரிமை வாரிசுகளுக்கே.

சொத்தை ஒருவர் பொறுப்பில் விட்டு, இன்னொருவர் நலனுக்காக நிர்வகிக்கச் சொல்லும் அறக்கட்டளை (டிரஸ்ட்) உங்களுக்கு இப்போது தேவைப்படாது. வீட்டில் தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியாத பிள்ளை இருந்தால் மட்டும் யோசியுங்கள்.